சபாநாயகர் கையொப்பமிடும் முன்னர்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பேத்தி பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாகியிருக்கிறாள் என்ற செய்தி வீட்டில் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. ஆனால் கடிதத்தின் பிற்பகுதியில் நீர் எழுதியிருந்த கருத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. பாராளுமன்றம் பேசிப் பேசியே காலத்தைக் கடத்துகிறது என்றும், மக்கள் பெரும்பான்மை கொடுத்த அரசாங்கம் எவருக்காகவும் காத்திராமல் சட்டங்களை விரைந்து நிறைவேற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்.

உமது சலிப்பு எனக்குப் புரிகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரைவுக்கு அமைச்சரவை 2004 இல் இணங்கியிருந்தும், அது சட்டமாவதற்கு 2016 வரை காத்திருந்தோம். அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒரு சட்டமூலத்தைக் கிடப்பில் போடுவது வேறு, அதை ஆராய அவகாசம் கொடுப்பது வேறு.

இந்தியாவைப் பாரும். அங்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், இணையத்தில் புண்படுத்தும் செய்திகளை அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ என்னும் பிரிவைச் சேர்த்த திருத்தம் 2008 டிசம்பரில் விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது. அதனால் பலர் கைதானார்கள் என்றாலும், 2015 இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுமையாக இரத்துச் செய்தது. எமக்கு அந்த வழி இல்லை. எமது அரசியலமைப்பின் 80 ஆம் உறுப்புரையின்படி, சட்டமூலமொன்றில் அதைச் சட்டமாக்கும் சபாநாயகரின் சான்றுரை எழுதப்பட்ட பின்னர் அதன் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலம் அரசாங்க வர்த்தமானியில் வெளிவந்த நாளிலிருந்து சபாநாயகர் கையொப்பமிடும் நாள் வரையிலான காலமே குடிமக்களாகிய எமக்கு எஞ்சியிருக்கிறது. அதையும் சுருக்கினால் எங்கே போய் முறையிடுவது?

வர்த்தமானிக்கும் பாராளுமன்ற நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்திற்கும் இடையே இருக்க வேண்டிய ஏழு நாட்களை 2015 இல் அரசியலமைப்பின் பத்தொன்பதாம் திருத்தம் பதினான்காக உயர்த்தியது. 2020 இல் இருபதாம் திருத்தம் அதை மீண்டும் ஏழாக்கியது. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் நான் சட்டமூலங்கள் பலவற்றை வாசித்திருக்கிறேன். திருத்தச் சட்டமூலத்தைக் கையில் எடுத்தால், முதன்மைச் சட்டவாக்கத்தின் இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் இடப்படுகின்றன என்று மட்டுமே இருக்கும். பழைய சட்டத்தையும், அதற்கு இடையில் வந்த திருத்தங்களையும் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் பொருள் விளங்கும். அதற்கே சில நாட்கள் போய்விடும். கொழும்புத் துறைமுக நகரச் சட்டமூலம் 2021 ஏப்ரல் 8 ஆம் திகதி பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்வதற்கு இருந்த ஒரு வாரத்திற்குள் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் வந்து விழுந்தது. உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் மே 18 ஆம் திகதி சபையில் அறிவிக்கப்பட்டது. மே 20 ஆம் திகதி சட்டமூலம் நிறைவேறிவிட்டது. நீதிமன்றம் சுட்டிக்காட்டியவற்றையும் அதற்காகக் கொண்டுவரப்பட்ட திருத்தங்களையும் எத்தனை உறுப்பினர்களால் அந்த இடைவெளிக்குள் ஒப்பிட்டுப் பார்த்திருக்க முடியும்?

இவற்றையெல்லாம் விட என்னை வருத்துவது மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலத்துக்கு 2017 இல் நேர்ந்ததுதான். வேட்புமனுக்களில் பெண்களுக்கு முப்பது சதவீதப் பிரதிநிதித்துவம் வழங்குவதற்காக வர்த்தமானியில் வெளியிடப்பட்ட அந்தச் சட்டமூலத்தில், செப்டெம்பர் 20 ஆம் திகதி, சபை வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலையில் வைத்துத் தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்கள் சேர்க்கப்பட்டு, அன்றைய தினமே அது நிறைவேற்றப்பட்டது. வர்த்தமானியில் இல்லாத ஒன்றை எதிர்த்து எவரும் மனுச் செய்திருக்க முடியாது. குழுநிலைத் திருத்தங்கள் பற்றிச் சட்டமா அதிபர் சபாநாயகருக்குக் கருத்துத் தெரிவிக்கலாம். எமக்கு அந்த வாய்ப்பும் இல்லை. புதிய முறைக்குத் தேர்தல் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் தேவைப்பட்டது. அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் ஓர் உறுப்பினர்கூட ஆதரிக்கவில்லை. பழைய முறை நீக்கப்பட்டிருந்தது, புதிய முறை நடைமுறைக்கு வரவில்லை. உமது கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்தது. வட மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் இல்லாமல் ஆளுநர்களின் கீழ் கழிந்த ஆண்டுகளை நீர் என்னைவிட நன்றாக அறிவீர். ஒரே நாளில் முடித்த வேலை மிச்சப்படுத்திய காலம் எங்கே, அதற்காக நாம் இழந்த காலம் எங்கே!

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1979 ஜூலையில் அவசர சட்டமூலமாக வந்து, மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் சொற்கள் இன்னும் இருக்கின்றன. அன்று சில வாரங்கள் நிதானமாக ஆராயப்பட்டிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. ஆயினும், குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் பெற்றாலே அதைச் சான்றாக ஏற்கப் போதும் என்ற ஏற்பாட்டைப் பற்றியாவது யாரேனும் உரக்கக் கேட்டிருப்பார்கள்.

வெள்ளமும் தொற்றுநோயும் வந்தால் விரைவு வேண்டும் என்பதை ஏற்கிறேன். அப்படிப்பட்ட சட்டங்கள் குறித்த நாளில் தாமாகவே காலாவதியாகட்டும். மற்றவற்றைப் பொறுத்தவரை, குழுநிலையில் ஒரு சட்டமூலத்தின் அடிப்படை மாறினால் அது மும்மொழிகளிலும் மீண்டும் வர்த்தமானியில் வெளியிடப்பட்டு, மனுச் செய்வதற்கான அவகாசம் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இதனால் எந்த நல்ல சட்டத்துக்கு என்ன பாதிப்பு வரும் என்று நீர் கருதுகிறீர்? அடுத்த கடிதத்தில் அதை விரிவாக எழுதும். பேத்திக்கு என் ஆசிகளைத் தெரிவியும்.

அன்புடன்,
உமது நண்பன்