அடைக்கோழியா, நோயுற்ற கோழியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண்மைப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள் நான். எந்தக் கோழி அதிகம் முட்டையிடும், எதில் லாபம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். முட்டையிடுவதாலேயே பெட்டைக்கோழிக்கு வரும் துன்பங்களைப் பற்றி எதுவும் என் கண்ணில் படவில்லை. புழக்கடையில் நாலைந்து கோழி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் முதலில் தெரியவேண்டும்.

பெட்டை ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் "அடைக்கு உட்கார்ந்திருக்கிறது" என்று விட்டுவிடுகிறோம். எங்கள் அடுத்த வீட்டு அக்கா அப்படி நினைத்து, ஆசையாக அதன் அடியில் முட்டைகளையும் வைத்தார். விடிந்தபோது கோழி செத்துக்கிடந்தது. அதன் வயிற்றில் ஒரு முட்டை சிக்கியிருந்தது.

அடைக்கோழியின் பக்கம் கையை நீட்டினால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். முட்டை சிக்கிய கோழிக்கு அந்த வீம்பு இருக்காது. வால் தொங்கிவிடும், கொண்டை வெளுக்கும். எழுப்பி நிறுத்தினால் காலை அகட்டி, உடம்பை நிமிர்த்தி நின்று முக்கும். எச்சமும் சரியாகப் போகாது. இப்படி ஒரு கோழியைக் கண்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போகிறது. ஒவ்வோர் ஓட்டுக்கும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் கெட்டிப்படுகிறது. அப்போது இரைப்பையில் கால்சியம் இல்லையென்றால் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு கட்டும். அதுவும் போதாமல் போனால் முட்டையைத் தள்ளும் தசையே சோர்ந்துவிடும். ஆகவே ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை விழுந்தால் அதை எறிந்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வெறும் தானியத்தில் இந்தச் சத்து மிகக் குறைவு. கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் மாலையில் வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும். எல்லாத் தீனியிலும் கலந்துவிடக்கூடாது. முட்டையிடும் பருவம் வராத குஞ்சுகளுக்குச் சிறுநீரகம் கெடும். வெயில் படும்படி மேயவிடுவதும் அவசியம். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும்.

முட்டை சிக்கிவிட்டால் அடிவயிற்றை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி, துடைத்து, வெளிச்சம் குறைந்த அமைதியான இடத்தில் வைக்கலாம். சில கோழிகள் இட்டுவிடும். வயிற்றை அமுக்குவதும், உள்ளேயே முட்டையை உடைப்பதும் கொடுமை. ஓட்டுச் சில்லு முட்டை வரும் குழாயைக் கிழித்துச் சீழ் வைத்துவிடும். கோழி தேறாவிட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் கொண்டுபோகவேண்டும். முக்கி முக்கிச் சதை வெளியே தள்ளியிருந்தால் அந்த நிமிடமே தனியாக அடைக்கவேண்டும். சிவப்பைக் கண்ட மற்ற கோழிகள் குடலையே கொத்தி இழுத்துவிடும்.

மஞ்சள் கரு வழிதவறி வயிற்றுக்குள் விழுந்து அழுகுவதும் உண்டு. வயிறு தண்ணீர்ப்பை போல ஊதும். அதற்கு வெந்நீர் வைத்தியம் பலிக்காது.

இறகு உதிரும் பருவத்திலும் பகல் குறுகும் காலத்திலும் முட்டை நிற்பது இயல்பு; அதற்கு மருந்து வேண்டாம். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கத்தையும் கைவிடவேண்டும். அந்த மருந்து முட்டையில் தங்கும், அந்த முட்டையைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள்.

ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு வாசகர் கேள்விகளுக்குப் பதில் தரும் பகுதியைத் தாங்கள் தொடங்கவேண்டும். முதல் வாரமே அடைக்கோழியின் படத்தையும் முட்டை சிக்கிய கோழியின் படத்தையும் அருகருகே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் வாசகி