ஹிஞ்ச் உடைந்தால் வாங்கியவர் குற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்குள் மடிக்கணினி வாங்குவது பற்றிய கட்டுரை படித்தேன். பிராசசர், ரேம், பேட்டரி எல்லாம் இருந்தது. மூடியையும் அடிப்பகுதியையும் இணைக்கும் கீலான ஹிஞ்ச் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த விலையில் பல மாடல்களில் முதலில் போவதே அதுதான்.

மூடியைத் தாங்கும் ஹிஞ்ச் உலோகம். அதன் திருகுகள் இறங்குவதோ பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை நட்டுகளில். ஹிஞ்ச் இறுக்கமாக இருந்தால், திறக்கும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக்தான் இழுபடும். ஒருநாள் நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து, மூடியின் ஓரம் வாயைப் பிளந்து நிற்கும். அப்படியே திறந்து மூடிக்கொண்டிருந்தால் டிஸ்ப்ளே கேபிளும் போகும்.

என் மகளுடையது வாரன்டி முடியும் முன்பே இப்படி உடைந்தது. சர்வீஸ் சென்டரில் ‘ஃபிசிக்கல் டேமேஜ், வாரன்டியில் வராது’ என்று கையை விரித்துவிட்டார்கள். கீழே விழவே இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? அப்புறம் பார்த்தால், அதே மாடல் வைத்திருந்த அவள் தோழிக்கும் அதே இடது மூலையில்தான் உடைந்திருக்கிறது. ரிப்பேர் கடைக்காரர் மாடலைப் பார்த்ததுமே, ‘இதுக்கு லெஃப்ட் ஹிஞ்ச்தானே?’ என்றார். தனியாகப் போய் நின்றால் நாம்தான் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்று ஆகிறது. ஒரே மாடல் வாங்கியவர்கள் பேசிக்கொண்டால், அது தயாரிப்பிலேயே உள்ள கோளாறு என்று தெரிந்துவிடுகிறது.

ஹிஞ்சாவது கண்ணுக்குத் தெரியும். போர்டோடு சால்டர் செய்த ரேமை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. ‘128 ஜிபி ஸ்டோரேஜ்’ என்பது எஸ்எஸ்டியா, அதைவிட மெதுவான இஎம்எம்சியா என்று கடையில் கேட்டால்தான் உண்டு, கேட்டாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. பிராசசர் பெயரும் ஏமாற்றும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யு என்ற பிராசசர் 2022இல் வந்தது. ஏழாயிரம் வரிசை என்றதும் புதிது என்றுதான் நினைப்போம். உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. அந்த எண்ணின் மூன்றாவது இலக்கமான 2 அதைத்தான் குறிக்கிறது. எந்தப் பெற்றோர் இதைப் பிரித்துப் படிப்பார்கள், சொல்லுங்கள்!

பிரான்சில் 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுநீக்க மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும். கழற்றுவது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, என்ன விலை என்பதெல்லாம் அதில் சேரும். இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது, சரி. ஆனால் பெட்டியின் மேல் ரேம் மாற்றக்கூடியதா என்று ஒரு வரி அச்சிட வைத்தாலே பலருக்குப் பணம் மிச்சமாகும்.

சர்வீஸ் சென்டரில் கையை விரித்தால், அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். உங்கள் கட்டுரையாளரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும் முன், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாலை நின்று, எந்த மாடலுக்கு ஹிஞ்ச் கேட்டு அதிகம் பேர் வருகிறார்கள் என்று விசாரித்து அந்தப் பட்டியலையும் போடச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்