குட்செட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே,

கண்டி நகரின் வீதிகள், ஆஸ்பத்திரிகள், பஸ் நிலையங்கள் ஆகியவற்றின் பழைய பெயர்களைத் திரட்டுவதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். ஆதரித்துக் கை தூக்கியவர்களில் பாதிப்பேரை அதன் பிறகு காணவில்லை. மழை என்றார்கள். கண்டியில் மழையைக் காரணம் காட்டுகிறவரிடம் வாதாட முடியாது. இரண்டு மாதக் கூட்டங்கள் அப்படியே கைவிடப்பட்டன, மற்றவை நடந்தன.

வேலையைக் குட்செட்டில் தொடங்கினோம். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. ரயிலில் ஏற்றி இறக்கும் சரக்குக்கென எழுந்த கொட்டகையின் பெயர்தான் குட்செட். பின்னர் அந்த இடம் பஸ் நிலையமாகி, ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஆட்கள் அங்கே ஏறலானார்கள். மூட்டைக்கு வைத்த பெயர் மனிதருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பண்டிகைக்கு முதல் நாள் ஏறிப் பார்த்தவர்கள் அது பொருத்தமான பெயர்தான் என்பார்கள்.

டொரிங்டன் தரிப்பிடத்தின் கதை வேறு. 1847இல் ஆளுநராக வந்த டொரிங்டன் பிரபு, அடுத்த ஆண்டே மாத்தளைப் பக்கம் மூண்ட கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கினார். அதன் பேரில் எழுந்த கண்டனத்தால் 1850இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ஆள் போய்விட்டார், பெயர் மட்டும் பஸ் தரிப்பிடத்தில் இறங்காமல் நிற்கிறது.

மணிக்கூட்டடியைப் பற்றி நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. வாகன விபத்தில் இறந்த தன் மகனின் நினைவாக ஒரு தந்தை கட்டிக்கொடுத்த கோபுரம் அது. 1950இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க திறந்துவைத்தார். அதன் அடியில்தான் நாள் முழுவதும் பஸ்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன.

வீதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வார்ட் வீதி தலதா வீதியாயிற்று. திருகோணமலை வீதி டி. எஸ். சேனநாயக்க வீதியாயிற்று. பழைய கடைக்காரர்கள் இன்னமும் திருகோணமலை வீதி என்றே சொல்கிறார்கள். பெரியாஸ்பத்திரி இருக்கும் வீதிக்கு வில்லியம் கோபல்லாவவின் பெயர். நாட்டின் முதல் ஜனாதிபதியாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு, அதற்கு வெகுகாலம் முன்பே அவர் கண்டியின் மாநகர ஆணையாளராக இருந்தார் என்பது புதிய செய்தி.

ஆஸ்பத்திரிப் பகுதிதான் அதிக நாள் பிடித்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872இலேயே சட்டம் வந்தது. ஆனாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் தீராத நோய்க்கு நம் மக்கள் கண்டிக்குத்தான் வந்தார்கள். 1980இல் பேராதனைப் போதனா வைத்தியசாலை வந்த பிறகு, “எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டு ஏற வேண்டியதாயிற்று. கண்டி ஆஸ்பத்திரி இப்போது தேசிய வைத்தியசாலை. கிழவிகளுக்கு அது என்றும் பெரியாஸ்பத்திரிதான்.

நம் அங்கத்தவர் ஒருவர் தம் தாயாரின் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்தார். முதற் பக்கத்தில் தோட்டம், டிவிஷன், லய இலக்கம். உள்ளே வைத்தியரின் கிறுக்கலை நம்மில் எவராலும் வாசிக்க முடியவில்லை. பின்னட்டையின் உட்புறத்தில், பென்சிலில், முதல் பஸ் நாலரை, திரும்ப இரண்டே கால் என்று எழுதியிருந்தது. இரண்டே காலை ஒருமுறை அழித்து, ஒன்றே முக்கால் என்று திருத்தியிருக்கிறார்கள். நேர அட்டவணை மாறியதற்கு நமக்குக் கிடைத்த ஒரே எழுத்துச் சான்று இது. பஸ்ஸையும் ஆஸ்பத்திரியையும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்த என் திட்டம் அன்றே பிழையாயிற்று. இரண்டையும் ஒரே கோவையில் போட்டுவிட்டேன்.

குறை ஒன்றும் உண்டு. ஒரு பெயர்ப் பலகையில் ‘வைத்தியசாலை’ என்ற சொல்லில் ‘ய’ விடுபட்டிருப்பதைச் சுட்டி, உரிய அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினோம். மூன்றாவது கடிதத்துக்குப் பின் பலகைக்குப் புது வர்ணம் பூசினார்கள். ‘ய’ வரவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். புதிய ஆண்டில் மஹியாவ, கட்டுக்கலைப் பகுதி முதியவர்களிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டும். இருவர் முன்வந்தால் போதும், மழைக்கு அஞ்சாதவர்களாக இருந்தால் நல்லது.

மேற்சொன்ன கிளினிக் கொப்பி பின்வரிசை மேசையில் இருக்கிறது. தேநீருக்கு முன்பே பாருங்கள். தையல் விட்டிருப்பதால் கையில் எடுக்க வேண்டாம்.

செயலாளர்