தலைப்புக்குச் சார்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்த் தலைப்புகள் இருபொருள் தருகின்றன என்று வாசகர்கள் குறை கூறும்போதெல்லாம், கீழே உள்ள செய்தியைப் படித்தால் தெளிந்துவிடும் என்பதே பத்திரிகைத் துறையினரின் வழக்கமான விடை. அந்த விடை தவறன்று. ஆனால் தலைப்பு மட்டும் கைபேசியில் அறிவிப்பாக வந்து, செய்தியை யாரும் திறக்காமலே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் இந்நாளில் அது போதுமா என்பதே என் ஐயம்.

பலபொருள் தரும் ஒரு சொல் எப்படித் தெளிவுபெறுகிறது என்பதைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ என்று, அதாவது வினை, உடன்வரும் இனச்சொல், சொல்லப்படும் சூழல் ஆகியவற்றால் என்று வகுத்துச் சொல்கிறது. ‘மா’ என்ற சொல் மாமரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றால் வினையே அது மரம் என்று உணர்த்திவிடுகிறது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் உடன் வந்த மருது உணர்த்துகிறது. கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால், அவன் கேட்பது குதிரையை என்பதற்கு அவன் நிற்கும் கோலமே சான்று. உரைகளில் வரும் இந்த மூன்றாவது எடுத்துக்காட்டுத்தான் நம் கவனத்துக்குரியது. ஏனெனில் அங்கே தெளிவு வாக்கியத்துக்கு உள்ளே இல்லை, அது சொல்லப்பட்ட இடத்தில் இருக்கிறது. இடத்தை விட்டுப் பெயர்த்து எடுத்தால் வெறும் ‘மா’ மட்டுமே எஞ்சும்.

தொடர்களும் இப்படியே. ‘கைதான ரவுடியின் தம்பிக்கு ஜாமீன்’ என்ற தலைப்பில், ஜாமீன் பெறுபவர் கைதானவராகவே இருக்க வேண்டும் என்பதால் கைதானவர் தம்பி என்று கொள்கிறோம். ‘கைதான ரவுடியின் தம்பி போலீசில் புகார்’ என்றால், புகார் கொடுக்க வந்தவர் வெளியில் இருப்பவர் என்பதால் கைதானவர் அண்ணன் என்று கொள்கிறோம். ஆனால், ‘கைதான ரவுடியின் தம்பி தப்பியோட்டம்’ என்றால்? காவலிலிருந்து தப்பியவரா, பிடிபடாமல் தப்பியவரா என்பதற்கு வினை எந்த உதவியும் செய்யவில்லை. செய்தியின் முதல் பத்தி தெளிவுபடுத்தும்தான். அந்தப் பத்தியைப் படிக்காத உறவினரும் அண்டை வீட்டாரும் அதற்குள் தம்பியைக் கைதியாக்கிவிட்டிருப்பார்கள்.

‘மா வீழ்ந்தது’ போன்ற இடங்களில், மரமும் விழும், குதிரையும் விழும் என்பதால், ‘குறித்தோன் கூற்றம் தெரித்துமொழி கிளவி’ என்கிறது அதே இயல். கருதியதை விளங்கச் சொல்லும் கடமை கூறுபவனுடையது. ‘ரவுடி கைது, தம்பி தப்பியோட்டம்’ என்று எழுதினால் ஐயமும் இல்லை, இடமும் மிச்சம்.

எல்லா இருபொருளையும் களைய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ‘மாம்பழம் கடித்த சிறுவன்’, ‘நாய் கடித்த சிறுவன்’ ஆகிய இரண்டும் ஒரே அமைப்புடையவை. ஆயினும் யார் எதைக் கடித்தார் என்று எவரும் தடுமாறுவதில்லை, உலக அனுபவமே போதுமானதாக இருக்கிறது. இத்தகைய தொடர்களைப் பிடித்துக்கொண்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோர்மீது எனக்கு அனுதாபம் குறைவு.

செய்திக்கு உள்ளேயும் ஓரிடம் தொல்லை தருகிறது. ‘ரிப்பன் மாளிகையில் மேயரை அமைச்சர் சந்தித்தார். பின்னர் அவர் நிருபர்களிடம் கூறியதாவது’ என்று எழுதும்போது அந்த ‘அவர்’ யார்? முதல் வாக்கியத்தின் எழுவாயான அமைச்சரே என்று பெரும்பாலோர் கொள்வர். தொடரும் பேச்சு மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பணியைப் பற்றியதாக இருந்தால், பாதியில் மேயரோ என்று மனம் மாறுகிறது. நேர்ப்பேச்சில் என்றால் ‘யாரு, மேயரா?’ என்று குறுக்கே கேட்டுவிடலாம். அச்செழுத்திடம் கேட்க முடியாது. இரண்டு பெரியவர்கள் ஒரே வாக்கியத்தில் வந்த பிறகு ‘அவர்’ என்பதற்குப் பதில் பதவிப் பெயரையே மீண்டும் எழுதுமாறு தங்கள் உதவி ஆசிரியர்களிடம் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மயிலாப்பூர், சென்னை