தின்னர் வாடையும் சிகரெட்டும்

அன்புள்ள செழியனுக்கு,

எனக்கு இருக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் உனக்கும் வருமா என்று நீ கேட்டதற்குத் தொலைபேசியில் அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன். கிருமிகளை எதிர்க்க வேண்டிய ரத்த அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற காப்பு உறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் இந்த நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. ஆகவே பரம்பரையை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என் கவலையெல்லாம் உன் பெயின்ட் வேலையும், விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே நீ பிடித்துவரும் சிகரெட்டும் ஒன்றுசேர்வதைப் பற்றித்தான்.

சுவீடனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஏறக்குறைய மூவாயிரம் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், பெயின்ட், தின்னர் முதலியவற்றில் உள்ள கரைப்பான்களோடு புழங்கியவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு அமைப்பும் உடையவர்களுக்கு அது ஏறக்குறைய ஏழு மடங்கு. அவர்களே புகைபிடித்தவர்களாகவும் இருந்தால், இவை எதுவும் இல்லாதவர்களைவிட முப்பது மடங்கு. அரிதாக வரும் நோய் என்பதால் முப்பது மடங்கு என்றாலும் நோய் உறுதி என்று பொருளில்லை. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை ஐயமற நிறுவிவிடாது. ஆனாலும் கரைப்பான் ஆவி, சிகரெட் புகை இரண்டும் நுரையீரல் வழியாக உள்ளே போகின்றன என்பதை எண்ணிப் பார். அங்கே ஏற்படும் எரிச்சல் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுகிறது என்பதே ஆய்வாளர்களின் ஊகம். நுரையீரலில் தங்கிய பிறகே அவ்வணுக்கள் மூளைக்குள் நுழையும் திறன் பெறுவதை எலிகளிடம் கண்டும் இருக்கிறார்கள்.

எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் இந்நோயில் பெரும்பங்கு உண்டென்று 2022-இல் அமெரிக்கப் படைவீரர்களின் ரத்த மாதிரிகளைக் கொண்டு காட்டினார்கள். அது பெரியவர்களில் பெரும்பாலோரின் உடலில் ஏற்கெனவே இருப்பது. அதையும் மரபணுவையும் நம்மால் மாற்ற முடியாது. மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்காதே. முடிவு எப்படி வந்தாலும் நான் சொல்லப்போவது மாறாது.

நீ கட்டிக்கொள்ளும் துணி முகமூடி தூசியை ஓரளவு தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கென்றே செய்த, கரி அடைத்த குப்பி (கார்ட்ரிட்ஜ்) பொருத்தும் முகமூடி வேண்டும். ஸ்ப்ரே செய்யும்போது துளிகளைப் பிடிக்கும் வடிகட்டியும் அதன்மேல் இருக்க வேண்டும். நீ ஆசையாக வளர்த்திருக்கும் தாடி இருக்கும்வரை அது முகத்தோடு ஒட்டாது, விளிம்பில் விழும் இடைவெளி வழியே ஆவி தாராளமாக உள்ளே வரும். குப்பியைத் திறந்தபடி மேசையில் போட்டுவைத்தால் நீ வேலை செய்யாத நேரத்திலும் அது காற்றிலுள்ள ஆவியை உறிஞ்சித் தீர்ந்துபோகும். காற்றுப் புகாத பையில் கட்டி வை, உற்பத்தியாளர் சொன்ன கெடுவுக்குள் மாற்று. வாடை தெரியவில்லை என்பதை வைத்துத் திருப்தியடையாதே, சிறிது நேரத்தில் மூக்குக்கு அது பழகிவிடும். கையில் ஒட்டிய பெயின்டைத் தின்னர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தையும் விடு; தோல் வழியாகவும் அது உடலுக்குள் இறங்கும்.

வேலையை விடச் சொல்லவில்லை, அது உனக்கு எவ்வளவு பிடித்தது என்று எனக்குத் தெரியும். சிகரெட்டை மட்டும் இந்த மாதத்திலேயே விடு. தனியாக முடியாவிட்டால் மருத்துவரிடம் போ, அதற்கு மருந்து இருக்கிறது. உன் பட்டறையில் என்ன தின்னர் வாங்குகிறார்கள் என்று டின்னின் மேலுள்ள விவரத்தைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா