வயசைக் கேட்டு 'ப்ச்' கொட்டாதவர்களுக்கு

அன்புள்ள எங்கள் தெரு மக்களுக்கும், வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் நாய் ஜூலி பிழைத்துவிட்டாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பால் வாங்கப் போனாலும், தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றாலும், இஸ்திரி வண்டியைத் தாண்டினாலும் "ஜூலி எப்படி இருக்கா?" என்றுதான் கேட்கிறீர்கள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், கூரியர் பையனைப் பார்த்தால் குரைக்கிறாள். சிறுநீரகம் மட்டும் பழையபடி ஆகாது, அதற்கு வீட்டிலேயே வைத்தியம் நடக்கிறது. ஒவ்வொருவரிடமும் நின்று விவரமாகப் பேச முடியவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலிக்கு 13 வயது. அயனாவரத்தில் எங்கள் தெருமுனையில் குட்டியாகக் கிடந்தவள். ராஜபாளையமும் கிடையாது, சிப்பிப்பாறையும் கிடையாது, அசல் தெரு ரகம். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும்.

உடம்புக்கு வந்த நாளிலிருந்து எங்களிடம் எல்லோரும் கேட்டது "என்ன வயசாகுது?" என்பதைத்தான். பதிலைச் சொன்னதும் பலரிடமிருந்து ஒரு 'ப்ச்' வரும். அப்புறம் "இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு, இனிமே எதுக்கு ஊசியும் மருந்தும், விட்டுடுங்க" என்று தீர்ப்பு வரும். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை என்பது தெரியும். ஒரு கிளினிக்கில் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சொன்னார்கள், அதுதான் கொஞ்சம் வலித்தது. அந்த 'ப்ச்' கொட்டாதவர்களுக்கும், கொட்டிவிட்டுப் பிறகு ஓடி வந்து கை கொடுத்தவர்களுக்கும்தான் நான் நன்றி சொல்ல வந்தது.

அக்னி நட்சத்திரம் முடிந்த சமயம். தயிர்சாதத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள் ஜூலி. மறுநாள் காலையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஆட்டோ அண்ணனுக்கு: ரத்தம் வடிகிற நாயை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று சொல்ல எந்த ஆட்டோக்காரருக்கும் நியாயம் உண்டு. அன்று சொல்லவும் சொன்னார்கள். ஆப்பில் புக் செய்த வண்டிகள் வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. நீங்கள் மழைக்கு மாட்டுகிற படுதாவைச் சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து விரித்தீர்கள். "அது சீட்ல கால நீட்டிப் படுக்கட்டும், நீங்க கீழ குந்திக்கோங்க மேடம்" என்றீர்கள். புரசைவாக்கம் வழியாக ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றி இறக்கினீர்கள். வெயிட்டிங்குக்குக் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பித் தந்து "பிஸ்கட் வாங்கிப் போடுங்க" என்றீர்கள். (பிஸ்கட்டே கூடாது என்று பிறகு டாக்டர் சொல்லிவிட்டார் அண்ணே. உங்கள் பணம் மாத்திரைக்குப் போனது.)

வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அதன் ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் போதும், பாதி சென்னையைப் பார்த்துவிடலாம். ஏசி காரிலிருந்து இறங்குகிற பக் நாய், கயிற்றோடு வருகிற ஆடு, அட்டைப் பெட்டியில் பூனைக்குட்டி, காசிமேட்டிலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ இறக்கை முறிந்த பந்தயப் புறாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரும் பையன்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எங்களை முன்னால் விட்டார். அவர் கையில் கட்டுப் போட்ட நாய், அதுவும் கிழம்தான். அவருக்கும் நன்றி.

ஜூலியைப் பார்த்த டாக்டர் அம்மாவுக்கு: நீங்களும் வயதைக் கேட்டீர்கள். "13" என்று எழுதினீர்கள். "சரி, கிட்னியையும் சேர்த்துப் பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டீர்கள். வெளுத்த இடம் வெளுத்தபடியே வெகுநேரம் இருந்தது. அப்புறம் மல்லாத்திப் போட்டு, அடிவயிற்றில் முடி குறைந்த இடத்தை எனக்குக் காட்டினீர்கள். ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். தோல் வியாதி இல்லை, தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது என்றீர்கள்.

ரிப்போர்ட் வந்தபோது, ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்கள் 18,000. சாதாரணமாக ஒரு நாய்க்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 37 சதவீதமாவது இருக்க வேண்டிய இடத்தில் 14. காரணம் உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற பாக்டீரியா உள்ளே போய் வெள்ளையணுக்களுக்குள் குடியேறிவிடும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் இப்படி வெளியே வரும். பிளேட்லெட்டைக் குறைக்கும், எலும்பு மஜ்ஜையைச் சோர வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இத்தனையையும் அந்த நெரிசலில் ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினீர்கள். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். கல்லூரியில் விலங்குகளுக்கென்றே ரத்த வங்கி உண்டு. ஆனால் கொடுக்கிற நாய்கள் வந்தால்தானே பையில் ரத்தம் இருக்கும்? நான் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன்.

ராக்கி வீட்டுக்காரர்களுக்கு: அதுவரை நமக்குள் இருந்த பழக்கம், கேட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் லேப்ரடாரும் இந்தப் பக்கம் ஜூலியும் சண்டை போடும்போது இரண்டு பக்கமும் நின்று கத்தியது மட்டும்தான். என் செய்தியைப் பார்த்துவிட்டு நீங்கள் எதுவும் கேட்கவில்லை. "ராக்கிக்கு 4 வயசு, 34 கிலோ, தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கு, ஆகுமா?" என்று மட்டும் பதில் போட்டீர்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற உங்கள் பையன் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். ராக்கியை மேசையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தில் முடியைச் சிரைத்து, அங்கிருக்கும் பெரிய நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். கால் மணி நேரம் போல ஆகியிருக்கும். அத்தனை நேரமும் பையன் ராக்கியின் தலையைப் பிடித்துக்கொண்டு ஐ.பி.எல். கதை சொல்லிக்கொண்டிருந்தான். ராக்கி வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. 450 மில்லி. இறங்கினதும் தண்ணீர் குடித்துவிட்டு, நீங்கள் டப்பாவில் கொண்டுவந்த வேகவைத்த கோழியைத் தின்றுவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி நடந்து போனது.

நாய்க்கும் ரத்த வகை உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஏ, பி, ஓ எல்லாம் கிடையாது, டி.இ.ஏ. என்று எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். வேறு வகை ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் நாய் உடம்பில் பிறவியிலேயே பெரிதாக இருக்காதாம், அதனால் முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனாலும் பொருத்தம் பார்த்த பிறகுதான் ஏற்றினார்கள்.

அன்று பக்கத்திலேயே இருந்த பயிற்சி மருத்துவர் பெண்ணுக்கு: ஈரோட்டுப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. நாற்காலி இருந்தும் ஜூலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாய். முதலில் மெதுவாகச் சொட்டவிட்டு, காய்ச்சல் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, முகம் வீங்குகிறதா என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து எழுதினாய். முன்காலில் ரத்தம் ஏற்றப் போட்ட ஊசிக்குழாயை (வென்ஃப்ளான்) அவள் நக்கப் போகும்போதெல்லாம் "ஏனுங் பாட்டி, சும்மா இருங்" என்றாய். சாயங்காலம் ஈறை அழுத்திப் பார்த்துவிட்டு "அக்கா, கலர் வருதுங்க்கா" என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் என்னுடையதைவிடக் குறைவில்லை. நல்லபடியாகப் படிப்பை முடித்து வா அம்மா. உன் ஊர் மாடுகள் கொடுத்து வைத்தவை.

மெடிக்கல் அண்ணாச்சிக்கு: எர்லிக்கியாவைக் கொல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு என்று எழுதியிருந்ததைப் பார்த்து, மொத்தமாகத் தேடிக் கொடுத்தீர்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதே, கொடுத்ததும் தண்ணீர் காட்டு, தொண்டைக்குழியில் ஒட்டினால் புண்ணாகும் என்று டாக்டர் சொன்னதையே நீங்களும் சொன்னீர்கள். பால், தயிரோடு கொடுத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தயிர்சாதத்திலேயே வளர்ந்தவளுக்குச் சிக்கன் தண்ணீர் ஊற்றிய சாதத்தில் மாத்திரை போனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூலியின் பின்னங்கால் வலிக்கு என்று எங்கள் சித்தப்பா மனிதர்களுக்கான வலி மாத்திரை வாங்க வந்தபோது, "யாருக்கு?" என்று கேட்டு, எடுத்து வைத்த அட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டீர்கள். இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் நாய்க்குக் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த சிறுநீரகம் அது. விற்காமல் விட்டீர்களே, அதற்குத்தான் உங்களுக்கு இரட்டை நன்றி.

காய்ச்சல் இறங்கியது, பிளேட்லெட் ஏறியது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மட்டும் ரத்தத்தில் 3.4-இல் நின்றது. 1.4-க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகத்தில் பெரும்பகுதி போன பிறகுதான் நாய்களுக்கு வெளியே அறிகுறியே தெரியும் என்றார்கள். இனி சலைன் வீட்டிலேயே, தோலுக்கு அடியில் போட வேண்டும். எனக்கு ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டும்.

மாடி வீட்டு சிஸ்டர் அம்மாவுக்கு: அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ரிட்டயர் ஆகி நிம்மதியாக சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். நாய் என்றால் ஆகாது, பூஜை அறைப் பக்கம் ஜூலி வந்தால் விளக்குமாறு எடுப்பீர்கள். நான் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) சலைன் பாட்டிலோடு படியில் நின்றதைப் பார்த்துவிட்டு, "கொண்டா இப்படி" என்று இறங்கி வந்தீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடு, சில்லென்று ஏறினால் அதற்கு வலிக்கும். ஊஞ்சல் கொக்கியில் மாட்டு. டியூபில் காற்றை வெளியேற்று. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலை இரண்டு விரலால் தூக்கினால் ஒரு கூடாரம் வரும், அதன் அடிவாரத்தில் ஊசியை நுழை. "மனுஷனுக்கு நரம்பு தேடணும், இதுக்கு அந்தத் தொல்லையே இல்லை" என்றீர்கள். நுழைந்ததும் ஜூலி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். 250 மில்லி இறங்கியதும் தோளில் காளை மாட்டுக்கு இருப்பது போல ஒரு திமில் எழும்பியது. சிறிது நேரத்தில் அது சரிந்து முன்னங்கால் பக்கம் தொங்கியது. நான் பதறினேன். "உடம்பு இழுத்துக்கும், காலைல பாரு" என்றீர்கள். காலையில் திமிலைக் காணோம். இப்போது ஊசி போடுவது நான்தான். விளக்குமாறு எப்போதோ மூலைக்குப் போய்விட்டது. சலைன் நேரத்தில் ஜூலியின் தாடையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

கொத்தனார் அண்ணனுக்கு: நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் உண்ணி ஒழியாது. அது வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, சுவர் ஏறி, விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ஞாயிற்றுக்கிழமை லீவையும் விட்டுவிட்டு வந்து திண்ணை, கதவு நிலை, படிக்கட்டு அடி என்று எல்லா விரிசலையும் சிமெண்ட் வைத்து அடைத்தீர்கள். சுவரில் ஓட்டை போட வேண்டுமென்றால்கூட யோசிக்கிற எங்கள் வீட்டு ஓனர், இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் நன்றி.

மீன்கார அக்காவுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோள். ஜூலி குட்டியாக இருந்ததிலிருந்து மீன் தலையை எடுத்து வைத்துக் கொடுத்து வந்தவர் நீங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், அவள் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஈரலும் எலும்பும் அப்படித்தான். இப்போது அவளுக்குச் சாதம், முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த பூசணிக்காய். "ஒரே ஒரு துண்டு கூடவா ஆகாது?" என்று நீங்கள் கேட்டதும், கூடைக்கு எதிரே அவள் உட்கார்ந்து உங்களைப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். தயவுசெய்து கொடுக்காதீர்கள் அக்கா. அவள் நடிக்கிறாள்.

மதியத்தில் வந்து தண்ணீர் மாற்றி வைத்த இஸ்திரிக் கடைத் தம்பிக்கும், தாமதமாக வந்த நாட்களில் கடிகாரத்தைப் பார்க்காத என் ஆபீஸ் மேனேஜருக்கும், ராத்திரியில் இருமுறை மூன்றுமுறை அவளை வெளியே கூட்டிப் போன என் கணவருக்கும் (இவருக்கு வீட்டிலேயே சொல்லியாகிவிட்டது, இருந்தாலும்) நன்றி.

கடைசியாக, பின்னங்கால் தள்ளாடிய நாட்களில் ஜூலியின் இடுப்பைத் தாங்கிப் பிடிக்க டெய்லர் அக்கா பழைய ஜமக்காளத்தில் தைத்துக் கொடுத்த பட்டை ஒன்று இருக்கிறது. இப்போது அவளுக்கு அது தேவைப்படவில்லை. துவைத்துக் காயவைத்து வைத்திருக்கிறேன். கிழட்டு நாய் வைத்திருக்கிற யாருக்கு வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் சலைன் நேரம், காலிங் பெல் அடித்தால் ஊசியோடு எழுந்து ஓடுவாள்.

நன்றியுடன்,
ஜூலி வீட்டம்மா
அயனாவரம், சென்னை