ஊர்ப் பேப்பருக்கு அரைப் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரிட்டிஷ்காரர்களின் பத்திரிகைப் பழக்கம் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1785இல் தொடங்கிய 'தி டைம்ஸ்', மான்செஸ்டரில் பிறந்த 'கார்டியன்' என்று பெரிய பேப்பர்களோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அங்கே பிடித்தது ஊர்ப் பேப்பர்தான்.

யார்க்‌ஷயரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகன் ஸ்கிப்டனிலிருந்து 'கிரேவன் ஹெரால்ட்' வாங்கி வருவார். 1853 முதல் வரும் பத்திரிகை. முதல் பக்கத்தில் செய்தி போடாமல் விளம்பரமாகவே நிரப்பும் பழக்கத்தை 'டைம்ஸ்' 1966இல் விட்டது. இவர்கள் 2009 வரை விடவில்லை. பிடிவாதக்காரர்கள்! உள்ளே ஆட்டுச் சந்தை நிலவரம், யார் வீட்டில் துக்கம், எந்தப் பள்ளிப் பிள்ளைகள் பந்தயத்தில் ஜெயித்தார்கள் என்று எல்லாம் இருக்கும்.

நான் ஊன்றிப் படித்தது பொடி எழுத்தில் வரும் பொது அறிவிப்புகளைத்தான். பெரிய கட்டுமானத்துக்கு யாராவது விண்ணப்பித்தால், அதை உள்ளூர்ப் பத்திரிகையில் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆட்சேபம் சொல்ல நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படி ஓர் அறிவிப்பைப் பேனாவால் வட்டம் போட்டு, தேநீர் ஆறுவதற்குள் கவுன்சிலுக்குக் கடிதமே எழுதி முடித்துவிட்டார்.

இங்கே மலேசியாவில் என்ன நடந்தது? நான் வேலை பார்த்த தோட்டம் கைமாறியதே, கோயிலுக்குப் பின்னால் சிவப்பு பெயின்ட் அடித்த அளவுக் குச்சிகளைப் பார்த்த பிறகுதான் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனங்களுக்குத் தெரிந்தது. அறிவிப்பு எங்கோ வந்ததாம். எங்கள் ஒட்டுக்கடைக்கு வருவது தமிழ்ப் பேப்பர் மட்டும்தானே!

அதனால் கேட்கிறேன்: வாரம் ஒருமுறை தோட்டப்புற ஊர்களுக்கென்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். நில அறிவிப்பு, ரப்பர் கட்டிப்பால் விலை, மரண அறிவித்தல், தமிழ்ப்பள்ளிச் சேதி இருந்தால் போதும். சினிமாப் படங்களைக் கொஞ்சம் சுருக்கினாலே இடம் கிடைத்துவிடும். அலுவலகப் பலகைகளில் ஒட்டும் மலாய் அறிவிப்புகளைத் தமிழில் எழுதி அனுப்ப நான் தயார். தோட்ட ஆபீஸில் பழகிய கைதான். சம்பளம் வேண்டாம். பேப்பரை மட்டும் இனாமாகப் போடச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்),
சுங்கை சிப்புட், பேராக்